ஐந்தாவது ஜன்னலுக்கு ஒரு திரை

கடலைப் பார்த்து நிற்கிற வீட்டைப் பூட்டுக்காரர் நம்புவதில்லை. உப்புக் காற்று முதலில் பூட்டைத் தின்னும், பிறகு ஆணியைத் தின்னும், கடைசியில் ஆளையே தின்றுவிடும் என்பது அவர் அனுபவம். முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர் செய்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. மனிதர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவார். மீதிப் பாதியையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வார்.

"மனுஷன் பேசினா எனக்குத் தலைவலி, மாப்ளே. கதவுன்னா பிரச்சினை இல்லை. அது பொய் சொல்லாது."

"அப்போ எங்க அக்காவுக்குப் பதிலா ஒரு கதவைக் கட்டியிருக்கலாமே, மாமா? சாத்தினா சத்தமில்லாம கிடக்கும்."

இப்படிப் பேசியது அவருடைய மனைவியின் தம்பி. கார் ஓட்டுவான், எடுபிடி வேலை செய்வான். சம்பளத்தைவிட வாய் அதிகம். நாற்பது வயதுக்குள் ஏழு வேலைகளை வாயாலேயே இழந்தவன். எட்டாவது வேலையில் சொந்தக்காரர் என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறான்.

காலை ஒன்பது மணி. இருவரும் அந்தப் பெரிய வீட்டின் முன்கூடத்தில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை முதல் அது ஹோட்டல். இன்றைக்குச் செவ்வாய்.

முதலாளி வரவேற்பு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வீட்டின் பெருமையை அளந்தார். அறுபது தாண்டிய ஆள். முடிக்கு அடித்த சாயம் காது மடலிலும் ஒட்டியிருந்தது.

"நூத்து இருபது வருஷம் ஆச்சு இந்த வீட்டுக்கு. கட்டினவர் கப்பல் வச்சிருந்தவர். அவர் குடும்பம் நொடிச்சுப் போனதும் காசநோய் ஆஸ்பத்திரி ஆச்சு. கடல் காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னு நோயாளிங்களை இங்கே கொண்டு வந்து போட்டாங்க. அப்புறம் பொண்ணுங்க விடுதி. அப்புறம் ரொம்ப வருஷம் வௌவால்தான் குடியிருந்தது. இப்போ நான்."

"வௌவாலுக்கு அப்புறம் நீங்க," என்றான் மச்சினன். "வரிசை சரியாத்தான் வருது."

முதலாளிக்கு அது புகழ்ச்சி போலப் பட்டிருக்க வேண்டும். சிரித்தார். "எதையும் நான் வீணாக்கலை. மரம், செங்கல் எல்லாம் இந்த வீட்டோடதுதான். ஒரு ஆணிகூட வெளியில வாங்கலை. அதோ பாருங்க."

மாடிப்படி ஓரத்துச் சுவரில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சதுரம் விட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே பழைய பெயின்டைப் படிப்படியாகச் சுரண்டிக் காட்டியிருந்தது. அடியில் கப்பல்காரர் காலத்துச் சுண்ணாம்பு வெள்ளை. அதன்மேல் ஆஸ்பத்திரிப் பச்சை. அதன்மேல் விடுதி நீலம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பித்தளைத் தகட்டில் வருஷம் பொறித்திருந்தது.

"வர்றவங்க இதைத்தான் போட்டோ எடுப்பாங்க," என்றார் முதலாளி.

"நீங்க எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் பூட்டுக்காரர். பெருமை கேட்க அவருக்குப் பொறுமை கிடையாது.

முதலாளியின் சிரிப்பு அறுந்தது. மூன்று வாரமாக யாரோ அறைகளை நாசம் செய்கிறார்களாம். முதல் வாரம் நாலாம் நம்பர் அறையில் மெத்தைகளைத் தலையிலிருந்து கால்வரை கிழித்திருந்தது. அடுத்த வாரம் ஐந்தாம் நம்பரில் கண்ணாடி, விளக்கு, கழுவுதொட்டி எல்லாம் தூள். போன வாரம் பின்பக்கத்துப் பன்னிரண்டாம் நம்பரில் சுவர் முழுக்கத் தார் பூசி, அதில் விரலால் எழுதியிருந்தது: 'இந்த அறையில் எவனும் தூங்க முடியாது.'

"பூட்டு?"

"ஒண்ணுகூட உடையலை. ஒரு சாவிக் கொத்து என்கிட்ட. இன்னொண்ணு வாட்ச்மேன்கிட்ட. அவனை நாலு சாத்து சாத்திக் கேட்டுட்டேன். ஒத்துக்க மாட்டேங்கறான். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள அது யாருன்னு எனக்குத் தெரியணும். போலீஸ் வேண்டாம். ஆளை மட்டும் காட்டுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மத்ததை நான் பார்த்துக்கறேன் என்று சொல்கிறவனைப் பூட்டுக்காரர் இரண்டு முறை பார்ப்பார். பார்த்தார்.

நாலாம் நம்பர் அறையில் அவர் கிழிந்த மெத்தையைத் தொடவே இல்லை. குனிந்து தரையைத்தான் பார்த்தார். கப்பல்காரர் காலத்துப் பூ ஓடுகள். சிவப்புக் கரை ஒன்று மூன்று சுவர் ஓரமாக ஓடி நாலாவது சுவருக்கு அடியில் புகுந்து காணாமல் போனது. சுவரை ஒட்டிப் பாதிப் பூ ஒன்று இருந்தது, வண்டிச் சக்கரம் அளவில்.

"மீதிப் பூ எங்கே, மாமா? மாடு மேஞ்சிடுச்சா?"

"பக்கத்து அறைக்கு வா."

ஐந்தாம் நம்பரில் பூவின் ஒரு கால் பாகம் இருந்தது. கடைசிக் கால் பாகத்தைப் பார்க்க வேறு மாடிப்படி ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நம்பர்.

"மூணு அறை இல்லை, மாப்ளே. ஒரே கூடம். ஹோட்டலுக்காகக் குறுக்கே சுவர் வச்சு மூணா வெட்டியிருக்காங்க. நாலு, அஞ்சு, பன்னெண்டுன்னு நம்பர் எழுதினது இவரு. அடிச்ச ஆளுக்கு அந்த நம்பர் தேவையில்லை. பழைய கூடத்தை மட்டும்தான் தெரியும். அதைத்தான் மூணு தடவை வந்து அடிச்சிருக்காங்க."

"பழைய கூடம்னா எந்தப் பழசு? கப்பலா, இருமலா, பொண்ணுங்களா?"

பூட்டுக்காரர் தார் பூசிய சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கொக்கிகளின் தடம். அவருடைய விலா உயரத்துக்குத்தான் இருந்தது. "நோயாளி சட்டை மாட்டற உயரமா இது? சின்னப் பொண்ணுங்க பை மாட்டற உயரம். நீ போய் இந்த விடுதியில என்ன நடந்ததுன்னு விசாரி. நான் வாட்ச்மேனைப் பார்க்கறேன்."

வாட்ச்மேனின் கன்னம் வீங்கியிருந்தது. பூட்டுக்காரர் அவனிடம் ஒன்றும் கேட்காமல் சாவிக் கொத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று சாவிகளின் பள்ளத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மெழுகு. சாவியை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்திருக்கிறார்கள். இந்த வேலை அவருக்குத் தெரியாதா என்ன!

"இந்தக் கொத்து யார் கைக்காவது போச்சா?"

"நானா யாருக்கும் குடுக்கலைங்க. முதலாளிதான் போன்ல குடுக்கச் சொன்னாரு. ஜன்னலுக்குத் திரை மாட்டினப்ப, தையல்காரம்மாகிட்ட ரெண்டு நாள் இருந்துச்சு. இதைச் சொன்னாலும் அடிப்பாருன்னு சொல்லலை."

"அந்தம்மா மேல போய் மாட்டினாங்களா?"

"இல்லைங்க. படியேறவே இல்லை. ஆளுங்களை அனுப்பிட்டு இங்கேயே உட்கார்ந்துட்டாங்க. அளவெடுக்கவும் வரலை. ஆனா அச்சு அசலா அளவு உட்கார்ந்துச்சு பாருங்க, ஒரு விரக்கடை கூடக் குறையக் கிடையாது. இதுல ஒரு கூத்து. அந்தக் கடல் பக்கத்து வரிசைக்கு நாலு திரை போதும். அவங்க அஞ்சு தைச்சுக் கொண்டாந்தாங்க. ஒண்ணு வீணா ஸ்டோர்ல கிடக்கு."

பூட்டுக்காரர் வெளியே போய் மணலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். மாடியில் கூடத்துக்கு நேராக நாலு ஜன்னல்கள். நாலாவதை அடுத்து வெறும் சுவர். ஆனால் சாய்ந்த வெயிலில் அந்தச் சுவரில் ஒரு வளைவு தெரிந்தது, பழைய தழும்பு போல. அங்கே ஐந்தாவது ஜன்னல் ஒன்று இருந்திருக்கிறது. செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

அளவெடுக்காமல் தைத்தவள், இல்லாத ஜன்னலுக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறாள். அவள் கண்ணுக்குள் இன்னும் ஐந்து ஜன்னல்கள்தான் இருக்கின்றன.

மச்சினன் மூச்சு வாங்க ஓடி வந்தான். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"என்னடா கோலம்?"

"எதிர்த்தாப்ல முடி வெட்டற பெரியவர்கிட்ட விஷயத்தைக் கறக்க உட்கார்ந்தேன். பாதிச் சவரத்துல முழுக் கதையும் வந்துடுச்சு. மீதிக்கு நிக்க மனசு வரலை." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி, மாமா. அந்தக் கூடத்துலதான் பொண்ணுங்களுக்குத் தையல் வகுப்பு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர், பதினாலு வயசு, பதினொரு வயசு. ஒரு மத்தியானம் அந்தக் கூடத்துல தீப்பிடிச்சிடுச்சு. இஸ்திரிப் பெட்டியிலேருந்து பிடிச்சதாம். அக்கா கம்பியில்லாத ஒரு ஜன்னல் வழியா மணல்ல குதிச்சிட்டா. தங்கச்சி பயந்து நின்னுடுச்சு. போயிடுச்சு."

"கதவு?"

"அதுதான் கொடுமை. அக்காக்காரி கோவத்துல உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டா, அதனாலதான் காப்பாத்த முடியலைன்னு விடுதி நிர்வாகி சாட்சி சொல்லியிருக்கார். ஊரே நம்பிடுச்சு. தங்கச்சியை உள்ளே வச்சுப் பூட்டிட்டுத் தான் மட்டும் ஓடினவள்னு பேரு. அப்பன் அந்த ஏக்கத்துலேயே செத்தாராம். குடும்பம் ஊரைவிட்டே போயிடுச்சு. நிர்வாகி யாருன்னு கேளுங்க."

"கேட்க வேண்டியதில்லை. இப்ப மேஜையில முழங்கையை ஊனிட்டு நிக்கறான்."

"எப்படி மாமா!"

"விடுதியைப் பத்தி ஒரே வார்த்தையில தாண்டிப் போனானே. கப்பலுக்கும் இருமலுக்கும் அவ்வளவு நீட்டினவன்."

தையல் கடை கடைத்தெருவின் கோடியில் இருந்தது. உள்ளே ஒரு மிஷின், சுருட்டி அடுக்கிய துணி, கயிற்றில் தொங்கும் பாதித் திரைகள். மேஜையில் நூலுக்குத் தேய்க்கிற மஞ்சள் மெழுகுக் கட்டி. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி மிஷினை மிதித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க அண்ணே. என்ன தைக்கணும்?"

"தைச்சதைப் பத்திப் பேச வந்தேன்மா. அஞ்சாவது திரை யாருக்கு?"

மிஷின் நின்றது. அவள் ஓடவில்லை, அழவில்லை, மழுப்பவும் இல்லை. ஊசியிலிருந்து நூலை நிதானமாக அறுத்தாள்.

"நான் குதிச்ச ஜன்னலை அடைச்சிட்டான்." என்றாள். "ஆளுங்க வந்து ஒண்ணு மிச்சம்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தக் கூடத்துக்கு முதல் திரை தைச்சதே நாங்கதான். நானும் என் தங்கச்சியும். தையல் வகுப்புல. ஒவ்வொரு ஜன்னலோட நீளமும் அகலமும் என் கையில இருக்கு. அளவெடுக்க நான் எதுக்குப் போகணும்?"

"ஆளுங்களோட போகலை. தனியா மூணு தடவை போயிருக்கே."

"பகல்லதான் போனேன். நான் நுழையறதை எல்லாரும் பார்த்தாங்க. துணி மூட்டையோட போறவளை யாரு நிறுத்தறா? ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்டேன், ஒருத்தருக்கும் என் மூஞ்சி ஞாபகமில்லை." அவள் கண்கள் எரிந்தன. "இதெல்லாம் வெறும் ஆரம்பம்னு வச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் அறையைச் சுத்திக் காட்டுவான். கடைசியா அவன் மட்டும் பின்தங்குவான், விளக்கை அணைக்க. கஞ்சன், அவனேதான் அணைப்பான். வெளியே பூட்டுவேன். அவன் செஞ்ச மாதிரியே."

மேஜைக்கு அடியில் மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. அவள் அதை மறைக்கக்கூட முயலவில்லை.

"அக்கா," என்றான் மச்சினன் மெதுவாக, "நிஜமாவே வெளியிலதான் பூட்டினானா?"

"தையல் தப்பாப் போட்டோம்னு தண்டனை. சாப்பாடு கிடையாதுன்னு எங்க ரெண்டு பேரையும் உள்ளே வச்சுப் பூட்டினான். சாவியை எடுத்துக்கிட்டு அவன் சாப்பிடப் போயிட்டான். அந்தக் கதவுல உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது அண்ணே! இல்லாத தாழ்ப்பாளை நான் எப்படிப் போடுவேன்? பதினாலு வயசுல கத்திக் கத்திச் சொன்னேன். விசாரிக்க வந்தவங்க கதவைப் பார்க்கலை. அவன் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. எங்கம்மாவும்."

"அம்மா இருக்காங்களா?"

"தம்பி வீட்ல, மூணு மணி நேரத் தூரம். மாசாமாசம் போன் பண்ணுவேன். எடுப்பாங்க. என் குரல்னு தெரிஞ்சதும் வச்சிடுவாங்க. எடுக்காமலே இருந்தாக்கூடப் பரவாயில்லை." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தொரு வருஷமா அவங்களுக்கு நான் மகளைக் கொன்னவ."

பூட்டுக்காரர் தகரத்தைக் காலால் தன் பக்கம் இழுத்தார். ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

"கொளுத்தினா அவனுக்குப் பத்து நிமிஷம்தான் கஷ்டம். அதுக்கப்புறம் ஊர் என்ன பேசும்? 'அன்னிக்கே தங்கச்சியைக் கொன்னவதானே'ம்பாங்க. அவன் சொன்ன பொய்க்கு நீயே முத்திரை குத்தறே. உங்கம்மா அப்புறம் போனை எடுக்கக்கூட மாட்டாங்க. அவனை நான் கொளுத்தறேன், வேற மாதிரி. எனக்கு அந்தக் கதவு வேணும்."

"அதை அப்பவே எரிச்சிருப்பான்."

"எரிக்க மாட்டான்," என்றார் பூட்டுக்காரர். "ஒரு ஆணிகூட வெளியில வாங்காதவன், தேக்குக் கதவையா எரிப்பான்?"

மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் கதவு தேடினார்கள். ஜன்னல் சட்டங்கள், அலமாரித் தட்டுகள், படிக்கட்டுக் கைப்பிடிகள் என்று பழைய மரம் எங்கும் இருந்தது. எதுவும் முழுக்கதவு அகலத்துக்கு வரவில்லை. மச்சினன் குளியலறையில் ஒட்டடைக்குள் தலையைவிட்டு, இரண்டு கன்னத்தையும் ஒரே நிறமாக்கிக்கொண்டு திரும்பினான்.

முன்கூடத்தில் முதலாளி காத்திருந்தார். "என்ன, ஆள் கிடைச்சாச்சா?"

 பூட்டுக்காரர் முதலாளியின் முழங்கைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று மெருகேற்றிய வரவேற்பு மேஜை. ஓர் ஓரத்தில் நாலு சின்ன வட்டங்கள், சட்டைப் பொத்தான் அளவில், சுற்றிலும் இருந்த மரத்தைவிட வெளுப்பாக. ஆணி ஓட்டைகளைக் குச்சி வைத்து அடைத்த தடம். அந்த நாலு ஓட்டைகளும் எப்படி அமையும் என்று அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். கதவின் வெளிப்பக்கம், பூட்டு மாட்டுகிற கொண்டி அடிக்கிற இடம்.

ஏழடி நீளம், நாலடி அகலம். கதவைப் படுக்கப் போட்டு மேஜையாக்கியிருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருந்த பக்கம் மேலே. அசிங்கமான உள்பக்கம் கீழே.

அவர் மேஜைக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார்.

"என்ன செய்யறார் இவர்?"

"மத்தியானத் தூக்கம்," என்றான் மச்சினன். "பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, குறட்டை விடுவார்."

"மாப்ளே, வெளிச்சம் பிடி."

மச்சினன் போன் விளக்கைப் பிடித்தான். அடிப்பக்கத்தின் கீழ்ப்பாதி கரிந்து முதலைத் தோல் போல வெடித்திருந்தது. மேல்பாதியில் நீலப் பெயின்ட் கொப்புளித்து நின்றது. கரியை மறைக்கிற செலவைக்கூட முதலாளி மிச்சப்படுத்தியிருக்கிறார். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

பூட்டுக்காரர் பேனாக்கத்தியை எடுத்து, தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நீலத்தை மெல்லச் சுரண்டினார். அடியில் பச்சை. விரிசல் இல்லாத முழுப் பச்சை. பச்சையையும் சுரண்டினார். அதற்கும் அடியில் ஆறு மரக்குச்சிகள், ஆறு ஓட்டைகளை அடைத்துக்கொண்டு.

அவர் வெளியே ஊர்ந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கப்பல்காரர் காலத்துல இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்துச்சு," என்றார். "ஆஸ்பத்திரிக்காரங்க கழட்டிட்டாங்க. நோயாளி உள்ளே தாழ் போட்டுக்கிட்டு மயங்கி விழுந்தா யாரு திறக்கறது? ஓட்டையை அடைச்சுட்டு மேல பச்சை அடிச்சாங்க. விடுதி வந்தப்ப பச்சை மேல நீலம். ரெண்டு பெயின்ட்லயும் ஒரு ஓட்டை கிடையாது. அப்படின்னா ஆஸ்பத்திரி காலத்துக்கு அப்புறம் இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இருந்ததில்லை. எந்தப் பெயின்ட் எந்த வருஷம்னு நீங்களே பித்தளையில எழுதிச் சுவர்ல மாட்டி வச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி."

முதலாளி முழங்கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீங்க எங்களைக் கூப்பிட்டது ஆள் யாருன்னு தெரிஞ்சுக்க இல்லை. அந்தக் கூடத்தை மட்டும் அடிச்சிருக்கறதைப் பார்த்ததுமே அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இப்ப எங்கே இருக்குன்னுதான் தெரியலை. கண்டுபிடிச்சுக் குடுத்தா இன்னொரு தடவை வாயை அடைச்சிருப்பீங்க. ஜன்னலை அடைச்ச மாதிரி."

"இன்னிக்கே இந்தப் பலகையை விறகாக்கிடுவேன்!"

"தாராளமா," என்றான் மச்சினன், போனைத் தடவியபடி. "பதினேழு போட்டோ எடுத்தாச்சு. எட்டாவதுல மட்டும் என் கட்டைவிரல் விழுந்திருக்கு, மன்னிச்சுக்குங்க."

வாசலில் நிழல் விழுந்தது. தையல்காரம்மா உள்ளே வந்து நின்றாள். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர். முதலாளி ஓரடி பின்னால் போனார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது போலிருந்தது.

"என்ன வேணும் உங்களுக்கெல்லாம்?" என்றார் முதலாளி.

"ஒரு போன்," என்றார் பூட்டுக்காரர். "இந்தம்மாவோட அம்மாவுக்கு. நடந்ததை நடந்தபடி சொல்லணும். எல்லாரும் கேட்கற மாதிரி சத்தமா வச்சு."

"சொன்னா இந்த மேஜையை விட்டுடுவீங்களா?"

"நான் இதுல ஒரு ஆணியையும் தொட மாட்டேன்."

தொட மாட்டேன் என்றாரே தவிர, போலீஸ் தொடாது என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனிடம் முழு உண்மை பேசி அவருக்குப் பழக்கம் கிடையாது. முதலாளி அந்த வித்தியாசத்தைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் சொன்ன எண்ணை அழுத்தினார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். வயதான குரல், ஆனால் தளராத குரல். "யாரு?"

"நான்... அந்த விடுதி நிர்வாகி பேசறேன்."

 "சொல்லு," என்றது குரல்.

"அன்னிக்கு... கதவை வெளியிலேருந்து பூட்டினது நான்தான்." வேர்வை சாயத்தோடு சேர்ந்து காதோரம் கறுப்பாக இறங்கியது. "தண்டனைக்குப் பூட்டினேன். சாவி என் பையில இருந்துச்சு. சாப்பிட்டுட்டு அப்படியே தூங்கிட்டேன். வந்து பார்க்கறப்ப... எனக்குப் பயம். பெரிய பொண்ணு தாழ் போட்டான்னு சொல்லிட்டேன். அவ போடலை. அந்தக் கதவுல தாழ்ப்பாளே கிடையாது."

 மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சின்னவ கூப்பிட்டாளா?" என்றது குரல். "கதவைத் தட்டிக் கூப்பிட்டாளா?"

முதலாளி போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"கூப்பிட்டாம்மா," என்றாள் தையல்காரம்மா. முப்பத்தொரு வருஷமாக அடைத்துக் கிடந்த குரல். "உன்னைத்தான் கூப்பிட்டா. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன்மா. கீழே பார்த்துட்டு உதறிட்டா. திரும்ப மேல ஏற ஜன்னல் எட்டலை. படியேறி ஓடி வந்து வெளியில நின்னு தட்டினேன். பூட்டுத் தொங்குச்சு."

போன் வைக்கப்படும் என்று அவள் எதிர்பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தாள். வைக்கவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னும் வைக்கவில்லை.

"பெரியவளே."

"ம்மா."

"அவன் இப்போ எங்கே நிக்கறான்?"

"அதே வீட்லம்மா. என் எதிர்லதான்."

"பிடிச்சு வை," என்றது அந்தக் குரல். "விட்டுடாதே. நான் வர்றேன்."

முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பூட்டுக்காரர் கார் சாவியை மச்சினன் பக்கம் வீசினார்.

"போய்க் கூட்டிட்டு வா மாப்ளே. அந்தம்மா பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது."

"போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம் மாமா."

"வரட்டும். போலீஸுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல அவங்க."

வண்டி கிளம்பிப் போயிற்று. பூட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து வாசல் நடுவில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். தையல்காரம்மா இன்னொன்றை இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள். அவள் தன் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பவில்லை. முதலாளியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.